குதிரையின் குருதியும் நம் குருதியும்

புணே நகரில் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி புரிந்து வருகிறோம். நாம் பயின்றது கலைப் பாடம். மருத்துவமோ விலங்கியலோ முறையாகக் கற்றவரல்லோம். ஆயினும், ஒரு நாள் நம் மேசைக்கு வந்த சிறு துண்டுப் பிரசுரம் ஒன்று நம்மைக் குருதியின் வழியே நெடுந்தூரம் அழைத்துச் சென்றது. அந்தப் பயணத்தில் கண்டவற்றையே இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

புணேயை அடுத்த கட்கி, தேஹு ரோடு முதலிய இடங்களில் இராணுவத் தொழிற்சாலைகளையும் கிடங்குகளையும் ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மழைக்காலத்தில் பாம்பு தீண்டினால் செய்ய வேண்டியது எது, செய்யத் தகாதது எது என்று கூறும் ஆங்கிலக் குறிப்பு ஒன்றை இத்தகைய மக்களுக்காகத் தமிழாக்க வேண்டியிருந்தது. சில வரிகளே கொண்ட குறிப்பு. ஒரு வரி, கடிபட்ட காலைக் கட்டக் கூடாது என்கிறது. இன்னொரு வரி, அதே காலைக் கட்ட வேண்டும் என்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இரு வேறு சொற்கள் உள்ளன. தமிழில் நம் மக்கள் இரண்டையும் வழங்குவது ஒரே சொல்லால்தான், 'கட்டு'. பேனா அவ்விடத்தில் நின்றுவிட்டது.

நாம் தயங்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் சொந்த ஊர் மன்னார்குடிக்கு அருகில் உள்ளது. 1991ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்து இரவொன்றில், வயலுக்குச் சென்ற நம் தாய்மாமனைக் கண்ணாடி விரியன் தீண்டியது. அருகிலிருந்தோர் அன்போடும் பதற்றத்தோடும் ஓடி வந்து, வைக்கோற் பிரியால் முழங்காலுக்கு மேலே இறுகக் கட்டினார்கள். கடிவாயைக் கத்தியால் கீறினார்கள். உறங்கினால் நஞ்சு தலைக்கேறிவிடும் என்று, இருவர் தாங்கிப் பிடிக்க, வரப்பு வழியே பெருஞ்சாலை வரையில் அவரை நடத்திச் சென்றார்கள். பின்னால் விளக்கு ஏந்தி ஓடிய சிறுவனாகிய நம்மைப் பார்த்து, "கால் மரத்துப்போச்சுடா மாப்பிளே" என்று அவர் கூறியது இன்றும் செவியில் ஒலிக்கிறது. மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். செய்தவை அனைத்தும் காப்பதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் எது காத்தது, எது கெடுத்தது? இதற்கு விடை காண வேண்டுமானால், உடலில் குருதி எவ்வாறு செல்கிறது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும்.

குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. ஆனால், மனித குலம் நெடுங்காலம் இதை அறியாதிருந்தது. கிரேக்க மருத்துவராகிய காலன் என்பவர், கல்லீரலில் குருதி இடையறாது உண்டாகிறது என்றும், உடலின் உறுப்புகள் அதை உண்டு தீர்த்துவிடுகின்றன என்றும் கருதினார். வாய்க்காலில் வந்த நீரை வயல் குடித்துவிடுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் இக்கொள்கையே பெரிதும் கோலோச்சியது. 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் ஓர் எளிய கணக்கைப் போட்டு அதைத் தகர்த்தார்.

அக்கணக்கை இன்றைய அளவுகளில் நாமும் போட்டுப் பார்க்கலாம். ஓய்ந்திருக்கும் மனிதனின் இருதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலிட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. நிமிடத்திற்கு 72 துடிப்பு எனில், நிமிடத்திற்கு 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். உடலில் உள்ள குருதியோ மொத்தம் 5 லிட்டர்தான். மணிக்கு 300 லிட்டர் குருதியை எந்தக் கல்லீரல் உண்டாக்க வல்லது? எந்த உணவு அதற்கு ஈடு கொடுக்கும்? ஆகவே, சென்ற குருதியே திரும்பி வருகிறது என்று கொள்வதன்றி வேறு வழியில்லை. அது வயலுக்குப் பாயும் வாய்க்கால் அன்று; ஓயாமற் சுழலும் வட்டம்.

கணக்கோடு ஹார்வி நிற்கவில்லை. ஒரு கயிற்றையும் கையில் எடுத்தார். மனிதன் ஒருவனின் மேற்கையை மிக இறுகக் கட்டினார். கட்டுக்குக் கீழே நாடி நின்றது. கை மெல்லக் குளிர்ந்தது. பின் கட்டைச் சற்றே தளர்த்தினார். உடனே கை சிவந்து வெதும்பியது. தோலடியில் ஓடும் நாளங்கள் புடைத்து எழுந்தன. இதன் பொருள் என்ன? இருதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் தமனிகள் ஆழத்தில் உள்ளன; அவற்றை அடைக்க மிகுந்த இறுக்கம் வேண்டும். குருதியைத் திருப்பிக் கொணரும் சிரைகள் மேலோட்டமாக உள்ளன. சிறிது இறுக்கமே அவற்றை அடைத்துவிடும். தளர்ந்த கட்டில், உள்ளே வரும் வழி திறந்தும், திரும்பும் வழி மூடியும் இருந்தமையால் கை புடைத்தது. தமனி வழியாகச் சென்று சிரை வழியாக மீள்கிறது குருதி என்பதைக் கயிறு காட்டிவிட்டது. தமனியும் சிரையும் எவ்விடத்தில் இணைகின்றன என்பதை மட்டும் ஹார்வி காணவில்லை. அவர் மறைந்த பின், 1661ஆம் ஆண்டில், இத்தாலியராகிய மால்பீகி நுண்ணோக்கியின் வழியே தவளையின் நுரையீரலை நோக்கி, மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். அவற்றையே தந்துகிகள் என்கிறோம்.

அந்தக் கயிற்றைப் படித்தபோது நமக்கு வைக்கோற் பிரி நினைவுக்கு வந்தது. மாமனின் கால் மரத்துப்போனது நஞ்சினால் மட்டும் அன்று. நாடி நின்றுபோகும் அளவுக்குக் கட்டியதனாலும் ஆகலாம் என்பதை முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்தோம்.

இனி, பாலூட்டிகளின் இருதயத்தை நோக்குவோம். மீனின் இருதயத்திற்கு அறை இரண்டு. தவளைக்கு மூன்று, அங்கே நல்ல குருதியும் கெட்ட குருதியும் ஓரளவு கலந்துவிடும். எலி முதல் யானை வரை, பாலூட்டிகள் அனைத்திற்கும் அறை நான்கு. வலப்பாதி, உடலிலிருந்து வரும் குருதியை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பாதி, நுரையீரலில் பிராணவாயு ஏற்ற குருதியை உடலெங்கும் செலுத்துகிறது. நடுவே ஒரு சுவர். ஒரே கூரையின் கீழ் இரு இல்லங்கள் எனலாம். உருவம் சிறுத்தால் துடிப்பு விரைகிறது. சுண்டெலியின் இருதயம் நிமிடத்திற்கு ஐந்நூறு தடவைக்கு மேல் துடிக்கும். யானையின் இருதயம் முப்பது தடவை துடிக்கும். திட்டம் மட்டும் ஒன்றே.

அத்திட்டத்தின் பேராற்றலைக் காண விரும்புவோர், மழைக்காலத்தில் புணேக்கு வரவேண்டும். இங்குள்ள குதிரைப் பந்தய மைதானம் 1830ஆம் ஆண்டில் அமைந்தது. விடியற்காலையில் பயிற்சிக்காக ஓடும் குதிரையை வேலியோரம் நின்று பார்த்திருக்கிறோம். ஓய்ந்து நிற்கையில் அதன் இருதயம் நிமிடத்திற்கு முப்பது, நாற்பது தடவையே துடிக்கிறது. நாலுகாற் பாய்ச்சலில் அதுவே 220ஐயும் தாண்டும். நம் இருதயத்தின் எடை 300 கிராம். பந்தயக் குதிரையின் இருதயமோ நான்கைந்து கிலோ. ஓடுகையில் நிமிடத்திற்கு 200 லிட்டருக்கு மேல் அது குருதியை இறைக்கிறது. மேலும், குதிரையின் மண்ணீரல் ஒரு களஞ்சியம். ஓய்வில் சிவப்பணுக்களைத் திரளாகச் சேமித்து வைத்திருந்து, ஓடத் தொடங்கியதும் அவற்றைக் குருதியோட்டத்தில் கொட்டிவிடுகிறது. குருதியில் நூற்றுக்கு நாற்பது பங்காக இருந்த அணுக்கள் அறுபது பங்குக்கு மேலாகிவிடுகின்றன. மனிதனின் மண்ணீரலில் இத்தகைய சேமிப்பு மிகச் சிறிதே.

சிவப்பணுவின் செய்தியும் வியப்பானதே. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. பறவைக்கும் தவளைக்கும் உண்டு. தன் கருவையே துறந்து, அவ்விடத்தையும் இரும்புச் சத்து அடங்கிய ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொண்டு, பிராணவாயுவைச் சுமப்பதையே தொழிலாகக் கொள்கிறது. மனிதக் குருதியில் ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 120 நாள் உழைத்து மடிகிறது.

பின், குதிரையின் குளம்பைக் கவனியுங்கள். தரையில் குளம்பு ஊன்றும்போதெல்லாம், அதனுள் இருக்கும் மெத்தை போன்ற பகுதி நசுங்கி, சிரைகளில் உள்ள குருதியை மேல்நோக்கித் தள்ளுகிறது. குதிரைக்கு இருதயம் ஐந்து என்று இலாயக்காரர்கள் கூறுவது இதனால்தான். நமக்குக் குளம்பு இல்லை; கெண்டைக்கால் தசை அவ்வேலையைச் செய்கிறது. நடக்குந்தோறும் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிகிறது. சிரையில் உள்ள கதவங்கள் குருதியைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கின்றன. காலிலிருந்து மேலே வருவதற்கு நடையே துணை என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஏனெனில், குருதிக்குத் துணையாக இன்னோர் ஓட்டமும் உடலில் உண்டு. தந்துகிகளின் சுவர் வழியே கசியும் நீரில் ஒரு பகுதி நேரே குருதிக்குத் திரும்புவதில்லை. அது நிணநீர் என்ற பெயரில் வேறு குழாய்களிற் சேர்ந்து, கழுத்தின் அடியில் சிரைகளோடு கலக்கிறது. தவளைக்கு இந்நிணநீரை இறைக்கத் தனி இருதயங்களே உண்டு. பாலூட்டிகளுக்கு அவை இல்லை. குழாய்களின் மெல்லிய சுருக்கமும், சுற்றியுள்ள தசைகளின் அசைவுமே நிணநீரைச் செலுத்துகின்றன. விரியன் நஞ்சில் உள்ள பெரிய மூலக்கூறுகள் தந்துகியின் சுவரை எளிதிற் கடக்க மாட்டா; ஆதலின் பெரிதும் நிணநீரின் வழியே உடலுக்குள் ஏறுகின்றன. கால் அசையாதிருந்தால் மெல்ல ஏறும். நடந்தாலோ, ஒவ்வோர் அடியும் நஞ்சை மேலே இறைக்கும்.

இப்போது துண்டுப் பிரசுரத்தின் இரு வரிகளும் தெளிவாகின்றன. இறுகக் கட்டக் கூடாது என்பது ஏன்? நாடி நிற்கக் கட்டினால், உணவும் பிராணவாயுவும் இன்றி அக்கால் அழுகத் தொடங்கும். நஞ்சும் அங்கேயே தேங்கித் தசையைத் தின்னும். கட்டை அவிழ்த்த நொடியில் தேங்கிய நஞ்சு ஒருங்கே உடலிற் பாயும். எனவே, முன்னரே எவரேனும் இறுகக் கட்டியிருந்தால், அதை மருத்துவரின் முன்னிலையில் அவிழ்ப்பதே தக்கது. கட்ட வேண்டும் என்பது ஏன்? முறிந்த எலும்புக்குச் செய்வதுபோல், காலின் இருபுறமும் மூங்கிற் பட்டையோ பலகையோ வைத்து, துணியால் தளரக் கட்டினால், தசை அசையாது, நிணநீரும் விரையாது. முன்னது குருதியை நிறுத்தும் கட்டு. பின்னது அசைவை நிறுத்தும் கட்டு. ஒரே சொல்லுக்குள் உயிரும் சாவும் அருகருகே அமர்ந்திருந்தன.

ஆயினும், அசையாதிருப்பது காலத்தை ஈட்டித் தருமேயன்றி, நஞ்சை முறிக்காது. நஞ்சை முறிக்கும் மருந்தைத் தருபவை பெரும்பாலும் நாம் மேலே கண்ட குதிரைகளே.

1890ஆம் ஆண்டில் பேரிங் என்ற ஜெர்மானியரும் கிடசாடோ என்ற ஜப்பானியரும் ஓர் உண்மையை வெளியிட்டனர். நோயின் நஞ்சைச் சிறுகச் சிறுகப் பெற்று அதைத் தாங்கப் பழகிய விலங்கின் குருதிநீர், வேறொரு விலங்கையும் அந்நஞ்சிலிருந்து காக்கும் என்பதே அது. அதே பத்தாண்டுக் காலத்திற்குள் பிரெஞ்சு நாட்டுக் கால்மெட் இம்முறையைப் பாம்பு நஞ்சுக்கும் கையாண்டார். குருதி பிராணவாயுவை மட்டும் சுமப்பதில்லை. கண்ட பகைவனின் நினைவையும் சுமக்கிறது என்பது இவ்வாறு புலனாயிற்று.

புணேக்கும் இக்கலைக்கும் நெருங்கிய உறவு உண்டு. மும்பை ஹாஃப்கின் நிறுவனத்தின் வழிவந்த அரசு மருந்துக் கழகம் தன் குதிரைகளை வைத்திருப்பது புணேயை அடுத்த பிம்ப்ரியில். பந்தயக் குதிரைகளை வளர்த்து வந்த பூனாவாலா குடும்பத்தினர், ஓய்வுபெற்ற குதிரைகளை ஹாஃப்கின் நிறுவனத்திற்கு அளித்து வந்தனர். குதிரைகளை அங்கே அனுப்புவதைவிட மருந்தை இங்கேயே செய்யலாமே என்ற எண்ணத்தில், 1966ஆம் ஆண்டில் சைரஸ் பூனாவாலா இந்நகரில் சீரம் இன்ஸ்டிடியூட்டை நிறுவினார். பின்னாளில் உலகெங்கும் தடுப்பூசி அனுப்பிய அந்நிறுவனத்தின் முதற்பொருள்களுள் ஒன்று, குதிரையின் குருதியிலிருந்து எடுத்த தசைவிறைப்பு நோய் எதிர்ப்பு மருந்தே.

பாம்புக்கடி மருந்து செய்யும் முறை இது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சும் மிகச் சிறிய அளவில் குதிரைக்கு ஏற்றப்படுகிறது. வாரங்கள் செல்லச் செல்ல அளவு கூட்டப்படுகிறது. குதிரை நோயுறாமல், தன் குருதியில் எதிர்ப்பொருள்களைப் பெருக்கிக்கொள்கிறது. பின் கழுத்துச் சிரையிலிருந்து குருதி எடுக்கப்படுகிறது. 400 கிலோ எடையுள்ள குதிரையிடமிருந்து ஐந்தாறு லிட்டர் வரையில் எடுக்கலாம். மருந்துக்கு வேண்டியது மஞ்சள் நிறக் குருதிநீரே. ஆதலின் சிவப்பணுக்களைப் பிரித்துக் குதிரைக்கே திரும்ப ஏற்றிவிடும் முறையும் வழக்கில் உள்ளது. குருதிநீரைத் தூய்மைப்படுத்தி, உலர்த்திப் பொடியாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள்.

இதற்கு வேண்டிய நஞ்சு எங்கிருந்து வருகிறது? நம் தமிழ்நாட்டிலிருந்துதான். மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. வயல்வெளிகளில் பாம்புகளைப் பிடித்து, நஞ்சை எடுத்து, பின் அவற்றைக் காட்டிலே விட்டுவிடுகிறார்கள் இருளர். அந்நஞ்சே நாட்டின் மருந்துச் சாலைகளுக்குச் செல்கிறது. ஒரே இனப் பாம்பின் நஞ்சும் வட்டாரத்திற்கு வட்டாரம் வேறுபடுவதால், வேறு பகுதிகளின் நஞ்சையும் சேர்க்க வேண்டும் என்று ஆய்வாளர் இப்போது வற்புறுத்துகின்றனர்.

குதிரையின் எதிர்ப்பொருள் நம் குருதியிற் சென்று பணிபுரிய இயல்வது எங்ஙனம்? இருவர் உடலிலும் ஓடுவது ஒரே திட்டத்தில் அமைந்த குருதி என்பதே காரணம். எனினும் உறவுக்கு ஓர் எல்லை உண்டு. குதிரையின் புரதத்தை நம் உடல் அயலாராகவே கருதுகிறது. சிலருக்கு உடனே கடும் ஒவ்வாமை எழும். சிலருக்கு ஒரு வாரத்திற்குப் பின் காய்ச்சலும் மூட்டுவலியும் தோன்றும். ஆகவேதான், அட்ரினலின் மருந்தை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மருத்துவமனையில் மட்டுமே இதைச் செலுத்துகின்றனர். முதலில் எட்டு முதல் பத்துக் குப்பிகள் வரை தேவைப்படுவதுண்டு.

விரியன் நஞ்சு ஏறியுள்ளதா என்பதைக் குருதியே சொல்லிவிடும். 2 மில்லிலிட்டர் குருதியைத் தூய உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்திருப்பர். உறைந்தால் நன்று. உறையாமல் நீர்போல் ஓடினால், உறையச் செய்யும் பொருளை நஞ்சு தின்று தீர்த்துவிட்டது என்று பொருள். மருந்து, ஓடும் நஞ்சைப் பற்றி அடக்கும்; ஆனால் இழந்த பொருளைக் கல்லீரல்தான் மீண்டும் செய்ய வேண்டும்; அதற்குச் சில மணி நேரம் ஆகும். கெட்டுப்போன சிறுநீரகத்தை எம்மருந்தும் உடனே மீட்காது. முந்தி வருவோர்க்கே மருந்து முழுப்பயன் தரும் என்பது இதனாற் பெறப்படும். 2000 முதல் 2019 வரையில் இந்நாட்டில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர்.

மாமனை நடத்திச் சென்றவர்களை நாம் குறை கூறவில்லை. அவர்களுள் ஒருவர் இன்றும் ஊரில் இருக்கிறார். சென்ற ஆண்டு அவரைக் கண்டபோது, இவற்றையெல்லாம் சொல்லலாமா என்று எண்ணி, பின் சொல்லாமலே வந்துவிட்டோம். அவர் தோளிற் சாய்ந்துதான் மாமன் அவ்வளவு தூரம் நடந்தார். அத்தோளுக்கு அன்று வேண்டியிருந்தது அறிவு மட்டுமே. அன்பு அங்கே நிறைந்திருந்தது.

துண்டுப் பிரசுரத்தில் நாம் இறுதியாக எழுதிக் கொடுத்த வரிகளைக் கூறி இப்பேச்சை முடித்துக்கொள்கிறோம். 'கடிபட்ட காலில் கயிறு கொண்டு இறுக்காதீர்கள். கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். பட்டை வைத்து, அசையாதபடி, தளர்வாகக் கட்டுங்கள். நடக்க விடாதீர்கள், தூக்கிச் செல்லுங்கள். 108 எண்ணை அழைத்து, உடனே மருத்துவமனை சேருங்கள்.' மேலதிகாரி அதைப் பார்த்து, ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருப்பது தமிழில் ஏன் ஒரு வாக்கியமாக நீண்டது என்று வினவினார். காரணத்தைச் சொன்னோம். திருத்தாமல் கையொப்பமிட்டார்.